பனிக்காலத்தில் மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர்: எந்தச் சூட்டை நம்பலாம், எதை ஒதுக்கலாம்?

டிசம்பர் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து பிரிட்டனுக்கு விமானம் ஏறும் நம்மவர்கள் எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். மான்செஸ்டரிலோ லீட்ஸிலோ இருக்கும் மகளுக்கு ஜனவரியில் பிரசவம் என்று, பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அறுபது எழுபது வயதுப் பெற்றோரும் அவர்களில் இருக்கிறார்கள். பத்திய மிளகாய்த்தூள், பூண்டு, நல்லெண்ணெய், குழந்தைக்கு வசம்பு வளையல் என்று பெட்டி நிறைய எல்லாவற்றுக்கும் திட்டம் இருக்கும். அந்த வீட்டில் எந்த அறையில் படுக்கப் போகிறோம், அந்த அறையை எது சூடாக்குகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. குளிரைப் பற்றிய பேச்சு "நல்ல சுவெட்டராக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரி போதாது. கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட வெப்பநிலை 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மான்செஸ்டரில் ஜனவரி மாதப் பகல் சராசரியாக 7 டிகிரி, இரவு 2 டிகிரி அளவில் இருக்கும். கேமரன் மலையில் இரண்டு இரவு தங்கிய அனுபவத்தை வைத்து இதை அளக்க முடியாது. அங்கே இரவுக் குளிர் 15 டிகிரி அளவோடு நின்றுவிடும், காலையில் வெயிலும் வந்துவிடும்.

வெளியே எவ்வளவு குளிர் என்பதைவிட வீட்டுக்குள் எவ்வளவு என்பதுதான் பெரியவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் நாளின் பெரும்பகுதி அவர்கள் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டி, குளிர்நாட்டு வீடுகளுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கவேண்டும் என்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. பனியில் சிக்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் வருவதாக நாம் நினைக்கும் அந்த நிலை, சூடாக்கப்படாத அறையில் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கும் வரும். வயதானவர்களுக்கு நடுக்கம் குறைவு, குளிர்வதாக உணர்வதும் தாமதம். தைராய்டு சுரப்புக் குறைந்தவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பேச்சு குழறுவது, தடுமாறுவது, காரணமில்லாமல் தூங்கி வழிவது ஆகியவற்றைக் கண்டால் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே 999-ஐ அழைக்கவேண்டும்.

இதற்கு நேர் எதிரே இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அது குளிரை விரட்ட நாம் மூட்டும் சூட்டிலிருந்து வருவது. எந்தச் சூட்டைத் தேர்வது என்பதைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

பாய்லரும் மாப்பிள்ளையின் டைமரும்

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, அறைதோறும் சுவரில் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. மற்ற எல்லா வழிகளையும்விட இதற்கே என் ஓட்டு. சூடு வீடு முழுவதும் சீராகப் பரவுகிறது. எரிவது மூடிய பெட்டிக்குள் எரிகிறது, புகை குழாய் வழியே வெளியே போகிறது. கட்டணமும் குறைவு. அங்கே மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 25 பென்ஸ் என்றால், அதே அளவு கேஸுக்கு அதில் நான்கில் ஒரு பங்குதான் ஆகிறது.

இதில் ஒரு சிக்கலை நம் குடும்பங்கள் முன்கூட்டியே யோசிப்பதில்லை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் மட்டும் பாய்லர் ஓடும்படி டைமர் வைத்திருப்பார்கள். பகலில் வீடு காலியாக இருந்தவரை அது சரியாகத்தான் இருந்தது. இப்போது பகல் முழுவதும் பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு நின்றுபோகும் சூடு நண்பகலுக்குள் ஆறிவிடும். சம்பந்தி வீட்டுப் பொருளைத் தொடக்கூடாது, மாப்பிள்ளைக்குப் பில் ஏறிவிடக்கூடாது என்று, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை அம்மா தொடவே மாட்டார். சேலைக்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் போர்வை என்று சுருண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், "எனக்கொன்றும் குளிரவில்லை" என்பார்.

ஆகவே பெற்றோர் போய்ச் சேரும் முன்பே, டைமரை மாற்றும்படி மகளிடம் சொல்லுங்கள். பகலிலும் 18 முதல் 20 டிகிரி வரை இருக்கலாம், இரவில் கொஞ்சம் குறைத்தாலும் 18-க்குக் கீழே போகவேண்டாம். ரேடியேட்டரின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். பெரும்பாலும் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரியைக் குறிக்கும். பெற்றோர் படுக்கும் அறையில் அதை அந்த அளவில் வைத்து, பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் சிறிய அறை வெப்பமானி ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டால், "குளிரவில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. எண் சொல்லிவிடும்.

ரேடியேட்டர் மேல் வேட்டி, துண்டு உலர்த்துவது நம்மவர்களுக்குத் தானாகவே வந்துவிடும் பழக்கம். சூடு அறைக்குள் வராமல் துணியிலேயே நின்றுவிடும், அதிலிருந்து ஏறும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையாகும். இட்லிப் பானையிலிருந்தும் சோற்றுப் பானையிலிருந்தும் ஏறும் ஆவிக்கும் இது பொருந்தும். சமைக்கும்போது அடுப்புக்கு மேலிருக்கும் மின்விசிறி ஓடட்டும்.

வாடகை வீடு என்றால் கேஸ் கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறை, பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. அந்தச் சோதனைச் சான்றிதழில் எந்தத் தேதி இருக்கிறது என்று மகள் ஒருமுறை பார்க்கட்டும்.

எண்ணெய் ஹீட்டரும் விசிறி ஹீட்டரும்

பாய்லர் இருந்தும் தனி ஹீட்டர் தேவைப்படும் வீடுகள் உண்டு. விருந்தினருக்கு ஒதுக்கப்படும் அறை பெரும்பாலும் வீட்டிலேயே குளிர்ந்த அறையாக இருக்கும். கூரைக்குக் கீழே மாற்றி அமைத்த அறையாகவோ பின்னால் நீட்டிக் கட்டியதாகவோ இருக்கலாம். தவிர, கடுங்குளிர் இரவில் பாய்லரின் கழிவுநீர்க் குழாய் வெளியே உறைந்துபோனால் பாய்லர் தானாக நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரை அந்தக் குழாயின் மேல் ஊற்றி உருக்கலாம் என்றாலும், அதுவரை ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும்.

உள்ளே எண்ணெய் அடைத்து மூடிய, மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் ஹீட்டர் மின்சாரம் குறைவாக இழுக்கும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அது உண்மையில்லை. 2,000 வாட் எண்ணெய் ஹீட்டரும் 2,000 வாட் விசிறி ஹீட்டரும் ஒரே அளவு மின்சாரத்தை எடுத்து ஒரே அளவு சூட்டைத்தான் தருகின்றன. ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டுக்கும் 2 யூனிட், அதாவது ஏறத்தாழ 50 பென்ஸ். வேறுபாடு சூடு வரும் விதத்தில் இருக்கிறது. விசிறி ஹீட்டர் உடனே சூடான காற்றை வீசும், நிறுத்தினால் உடனே ஆறும். உள்ளே செந்தழலாகக் காயும் கம்பி இருப்பதால் திரைச்சீலையோ சேலைத் தலைப்போ அருகே போனால் பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஹீட்டர் சூடாக இருபது நிமிடம் எடுக்கும், சத்தமில்லாமல் காயும், நிறுத்திய பிறகும் நெடுநேரம் சூடு நிற்கும், மேற்பரப்பின் சூடும் குறைவு.

முதியவர் அறைக்கு எண்ணெய் ஹீட்டரே ஏற்றது. படுக்கையிலிருந்தும் திரையிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி, யாரும் தடுக்கி விழாத இடத்தில் வைக்கவேண்டும். படுக்கும் முன் அறையைச் சூடாக்கிவிட்டு, தூங்கும்போது அணைத்துவிடலாம். விசிறி ஹீட்டரை, ஆள் அருகிலேயே இருக்கும் பத்து நிமிடத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளியலறைக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது.

பிரிட்டனின் மூன்று சதுர முள் பிளக்கும் நம் பிளக்கும் ஒன்றே. அதனால் வீட்டில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செல்போனுக்குப் பயன்படுத்துங்கள். ஹீட்டரைச் சுவர்ச் சாக்கெட்டிலேயே நேராகச் செருகவேண்டும். ஒரு ஹீட்டர் மட்டுமே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது, முழு எக்ஸ்டென்ஷனுக்கும் எல்லை 13 ஆம்பியர்தான். அதே ஒயரில் மின்கெண்டியும் சேர்ந்தால் ஒயர் உருகக்கூடும்.

மின்போர்வையும் வெந்நீர்ப் பையும்

செலவை மட்டும் பார்த்தால் மின்போர்வையை அடிக்க ஆளில்லை. 100 வாட் போர்வை இரண்டு மணி நேரத்துக்கு எடுப்பது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 5 பென்ஸ். அறை முழுவதையும் காய்ச்சுவதற்குப் பதிலாகப் படுக்கையை மட்டும் காய்ச்சுகிறது. உடல்நலம் உள்ள, சுவிட்சைத் தானே கையாளக்கூடிய பெரியவருக்கு இது நல்ல துணை. மெத்தை மேல் விரித்து, படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, ஏறிப் படுக்கும்போது அணைத்துவிட வேண்டும். பத்து ஆண்டு ஆன போர்வையையும், கருகிய தடமோ மடிப்புக் கோடோ தெரியும் போர்வையையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை எடுத்து வைக்கும்போதும் மடிக்காமல் பாய்போல் சுருட்டவேண்டும், மடித்தால் உள்ளே கம்பி முறியும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு என் கருத்து மாறுகிறது, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். பல ஆண்டு நீரிழிவு இருந்தவர்களின் பாதங்களில் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். வெந்நீர்ப் பை சுடுகிறது என்று கால் சொல்லாது. இரவு முழுவதும் பை பாதத்தில் ஒட்டிக் கிடந்து, காலையில் எழும்போது கொப்புளம் நிற்கும். குளிரில் கால் இரத்த ஓட்டமும் குறைவு என்பதால் அந்தப் புண் ஆற நாளாகும், சிலருக்கு ஆறாமலே போகும். குளிர்நாட்டுக்குப் போகும் நம் பெற்றோருக்கு நேரக்கூடிய விபத்துகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், இது முழுக்கத் தவிர்க்கக்கூடியதும்கூட. பாதம் மரத்துப்போனவர்களுக்குப் படுக்கையில் மின்போர்வையும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். அவர்கள் படுக்கும் முன்பே பிள்ளைகள் படுக்கையைச் சூடாக்கி, போர்வையை அணைத்து, பையை வெளியே எடுத்துவிட்டு, கம்பளிக் காலுறை போட்டுப் படுக்கவைக்கட்டும்.

மற்றவர்களுக்கு வெந்நீர்ப் பை எளிய பொருள், மின்சாரம் போன இரவிலும் உதவும். கொதிக்கும் நீரை ஊற்றாமல் சற்று ஆறவிட்டு, முக்கால் பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடவேண்டும். துணி உறை கட்டாயம். பிரிட்டனில் விற்கும் பைகளின் கழுத்தில் பூ வடிவ முத்திரை ஒன்று இருக்கும். நடுவில் இருக்கும் எண் தயாரித்த ஆண்டு, சுற்றியுள்ள இதழ்கள் மாதங்கள். இரண்டு ஆண்டு கடந்திருந்தால் ரப்பர் வெடிக்கக்கூடும் என்பதால் புதிது வாங்கவேண்டும். மின்போர்வையையும் வெந்நீர்ப் பையையும் ஒரே படுக்கையில் சேர்க்கவே கூடாது.

கோடாலித் தைலம் இல்லாமல் நம் பெரியவர்கள் எங்கும் போவதில்லை. தைலம் தோலுக்குச் சூடான உணர்வைத் தருமே தவிர உடலின் வெப்பத்தை உயர்த்தாது. முழங்காலில் தைலம் தேய்த்து, அதன் மேல் வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் வெந்துவிடும். பச்சைக் குழந்தையின் நெஞ்சில் அதைத் தடவுவதும் ஆபத்து.

எரியும் எதுவும் வேண்டாம்

கேஸ் சிலிண்டரோடு வரும் நகரும் ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர், கரி அடுப்பு, கதவைத் திறந்து எரியவிட்ட கேஸ் ஓவன் ஆகியவற்றை மற்ற வழிகளோடு ஒப்பிடுவதற்கே நான் தயாராக இல்லை. மூடிய அறையில் எதுவாவது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கி மின்சாரம் போனபோது, கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தும், கராஜில் காரை ஓடவிட்டும், ஜெனரேட்டரை வாசலருகே வைத்தும் சூடு தேடிய குடும்பங்கள் இந்த வாயுவுக்கு இரையாயின. குளிரிலிருந்து தப்ப நினைத்த இடத்திலேயே மரணம் வந்தது.

நம் வீடுகளில் இதற்கு வேறொரு வாசல் இருக்கிறது: சாம்பிராணி. குழந்தையைக் குளிப்பாட்டியதும் கரித்துண்டில் சாம்பிராணி தூவிப் புகை காட்டுவதும், பிள்ளை பெற்றவளின் ஈரக்கூந்தலுக்குக் கூடை கவிழ்த்துப் புகை பிடிப்பதும் பாட்டியின் கை தானாகச் செய்யும் வேலைகள். செந்தூலிலோ கிள்ளானிலோ உள்ள வீட்டில் ஜன்னலுக்கு மேலே காற்றுத் துளைகள் உண்டு, வாசல் கதவு திறந்தே கிடக்கும், புகை வந்த வழியே போய்விடும். மான்செஸ்டர் வீட்டில் ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, கதவு ஓரங்களில் ரப்பர் அடைப்பு. ஜனவரியில் யாரும் ஜன்னலைத் திறக்கப் போவதில்லை. அந்த அறையில் கனியும் கரி வெளியிடுவது வாசனையோடு விஷத்தையும்தான். கரி போட்ட சாம்பிராணிச் சட்டியைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். கூந்தலுக்கு மிதமான சூட்டில் முடி உலர்த்தும் கருவி போதும். எண்ணெய்க் குளியலும் நிற்கவேண்டியதில்லை. பாட்டியின் மனம் நோகாமல் இதைச் சொல்வது மகளால் முடியாது, ஊரிலிருக்கும் மற்றப் பிள்ளைகள்தான் கிளம்பும் முன்பே எடுத்துச் சொல்லவேண்டும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் வெவ்வேறு. கூரையில் ஒன்று இருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போன்று நிலையாகப் பொருத்திய எரிகருவி இருக்கும் அறைகளில் வாடகை வீட்டு உரிமையாளர் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தித் தரவேண்டும். சமையல் கேஸ் அடுப்புக்கு மட்டும் இந்த விதி இல்லை. சொந்த வீடென்றால் மகளே வாங்கி மாட்டட்டும். அறிகுறிகள் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் இராது: தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. பெரியவர்கள் ஒரு பெனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் சரியானால், உடனே எல்லோரும் வெளியேறி உதவிக்கு அழைக்கவேண்டும்.

பாட்டிக்கு ஒரு சூடு, பேரனுக்கு ஒரு சூடு

பிரிட்டனின் மருத்துவத் துறை, குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி போதும் என்கிறது. பாட்டிக்கு 23 டிகிரி இருந்தால்தான் இதமாக இருக்கும். பச்சைக் குழந்தை குளிரில் வாடுகிறதே என்று அவர் தொப்பி, காலுறை, இரண்டு கம்பளி என்று சுற்றுவார். அளவுக்கு மீறிய சூடு, தூக்கத்தில் குழந்தை திடீரென இறந்துபோகும் அபாயத்தை உயர்த்துகிறது. எனவே அறைச் சூட்டைக் குழந்தைக்கு ஏற்ப வைத்து, பாட்டி உடையால் தன்னைச் சூடாக்கிக்கொள்வதுதான் முறை. வீட்டுக்குள் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம், மின்போர்வையும் வெந்நீர்ப் பையும் அருகே வரக்கூடாது, மல்லாந்தே படுக்கவைக்கவேண்டும். குழந்தையின் கை ஜில்லென்று இருப்பது இயல்பு. நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். காரில் போகும்போது தடித்த கோட்டோடு இருக்கையில் கட்டினால் வார் தளர்ந்துவிடும். கட்டிய பிறகு மேலே போர்வை போர்த்தலாம்.

உடை: இங்கேயா, அங்கேயா?

கோலாலம்பூரில் குளிர் உடைக்குப் பல வழிகள் உண்டு: பேரங்காடிகளில் குளிர்காலத்துக்கென்றே இருக்கும் கடைகள், வாடகைக்குத் தருபவர்கள், பழைய துணி விற்கும் பண்டல் கடைகள், முன்பு போய் வந்த உறவினரின் அலமாரி. இவற்றோடு அங்கே போய் வாங்குவது இன்னொரு வழி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்க நினைப்பதால்தான் பணம் விரயமாகிறது.

உடலை ஒட்டிப் போடும் மெல்லிய தெர்மல் உள்ளாடையை இங்கேயே புதிதாக வாங்குங்கள். அளவு பார்த்து, போட்டுப் பழகி, விமானத்திலேயே அணிந்து இறங்கலாம். அம்மா சேலைதான் கட்டுவார் என்றால், பாவாடைக்குள் தெர்மல் காலாடை, ரவிக்கைக்குள் முழுக்கைத் தெர்மல். சேலையை மாற்றச் சொல்லி வற்புறுத்தவே தேவையில்லை. பருத்திச் சட்டையை உள்ளே போடவேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்து உடலைக் குளிர்விக்கும், கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும்.

நடு அடுக்குக்குப் பண்டல் கடை நல்ல இடம். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வரும் கம்பளிச் சுவெட்டர்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன, துவைத்தால் போதும்.

மேல்கோட்டைப் பொறுத்தவரை, மூன்று மாதம் தங்குகிறவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகாது. ஒரு வாரப் பயணத்துக்குத்தான் அது சரி. இறகு அடைத்த கோட்டு லேசாகவும் மிகச் சூடாகவும் இருக்கும், ஆனால் நனைந்தால் பயனற்றுப்போகும். பிரிட்டனின் குளிர் பெரும்பாலும் மழையோடு வரும் ஈரக் குளிர். தண்ணீர் புகாத மேல்துணியும் செயற்கை நார் அடைப்பும் கொண்ட, தொடைக்குக் கீழ்வரை வரும் கோட்டே அங்கு நல்லது. கனடாவின் உலர்ந்த கடுங்குளிருக்கு இறகுக் கோட்டு சரியான தேர்வு. மகளோ மாப்பிள்ளையோ வைத்திருக்கும் பழைய கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு, அங்கே கடைகளின் ஜனவரித் தள்ளுபடியில் வாங்கலாம்.

காலணியில் இரவல் வேண்டவே வேண்டாம். பல காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேனால் ஆனது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பல ஆண்டு அலமாரியில் கிடந்தால், வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தாலும் உள்ளுக்குள் சிதைந்துவிடும். போட்டுக்கொண்டு நடக்கும்போது அடி கழன்று பொடிப்பொடியாக உதிரும். உறைந்த நடைபாதையில் அது நடந்தால் இடுப்பெலும்பு முறிவதில் முடியலாம். ஆழமான தடங்கள் வெட்டிய ரப்பர் அடியோடு கூடிய காலணியை, தடித்த காலுறை போட்ட காலால் அளந்து புதிதாகத்தான் வாங்கவேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் பழக்கத்துக்கும் அங்கே இடமில்லை. வெறும் காலுறையோடு மரப்படியில் இறங்குவது வழுக்கும், அடியில் பிடிப்புள்ள வீட்டுச் செருப்பு ஒரு சோடி வேண்டும்.

வெளியே போவதும் போகாமல் இருப்பதும்

குளிர் என்று மூன்று மாதமும் வீட்டுக்குள்ளேயே அடைபடுவது பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அசைவில்லாத உடல் சூட்டை உண்டாக்காது, மனமும் சோர்ந்துபோகும். டிசம்பர் நடுவில் மான்செஸ்டரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அந்நாட்டு மருத்துவத் துறை சொல்கிறது. கிளம்பும் முன் நம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காலை ஏழு மணிக்கு நடக்கப் போகும் அப்பாவின் பழக்கத்தை மட்டும் மாற்றவேண்டும். இரவில் உறைந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாக நடைபாதையில் அப்போது கிடக்கும். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் நடக்கலாம். உப்பு தூவிய பெரிய சாலையோரம், உப்பு தூவாத சந்துகளைவிடப் பாதுகாப்பானது. சின்ன அடிகளாக, பாதத்தை முழுதாகப் பதித்து நடக்கவேண்டும். கையைப் பைக்குள் விடாமல் கையுறை போட்டு வெளியே வைத்திருந்தால் தடுமாறும்போது சமாளிக்கலாம். வெப்பமானியை மட்டும் பார்த்துக் கிளம்பக்கூடாது. 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது −6, −7 டிகிரி போன்றது. காற்று பலமாக வீசும் நாளிலும், உறைபனி எச்சரிக்கை உள்ள நாளிலும் வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும்.

வாசலில் பனி குவிந்தால் அதை அள்ளுவதற்கு அப்பா மண்வெட்டியை எடுக்கக்கூடாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். அதோடு கனமான வேலையும் சேர்ந்தால் இதயம் தாங்காது. குளிருக்கு என்று பிராந்தி குடிப்பதும் வேண்டாம். தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடு போல் தோன்றும், உண்மையில் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும்.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோகவேண்டும். விமானத்தின் அடிச்சரக்கில் போட்டால் உறைந்துவிடக்கூடும், உறைந்த இன்சுலின் பயன்படாது. அங்கே போன பிறகும் ரேடியேட்டர் மேலோ இரவில் காருக்குள்ளோ வைக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள்.

ஜனவரியா, ஏப்ரலா?

இருவருமே போகவேண்டுமா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். இதய நோயோ நாட்பட்ட நுரையீரல் நோயோ உள்ள அப்பாவுக்கு ஜனவரி மாத ஈரக்குளிர் கடினம். அம்மா முதலில் தனியே போய்ப் பிள்ளைப்பேற்றைப் பார்க்கட்டும். ஏப்ரல் நடுவில் அப்பா போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டு, திரும்பும்போது இருவரும் சேர்ந்தே வரலாம். இரண்டு தனி டிக்கெட் கொஞ்சம் கூடுதல் செலவுதான். பேரன் பிறந்த அன்றே பார்க்கவேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கு இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மகள் பிள்ளை பெற்ற வாரத்தில் அப்பா மருத்துவமனையில் படுத்தால், அவள் எந்தப் பக்கம் ஓடுவாள்? இருவரும் உடல்நலத்தோடு இருந்தால் ஜனவரியில் தயங்காமல் போகலாம். சளிக்காய்ச்சல் (ஃபுளூ) தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளவேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதிப் பயணக் காப்புறுதி எடுக்கவேண்டும், மறைத்தால் இழப்பீடு கிடைக்காது.